சின்னம் போட்ட பையா, மலைநாட்டுச் சாக்கா? உப்புவெளிக் கடைக்கு ஒரு கோப்பிக் கணக்கு

என் அக்காவின் கணவர் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் நாலு அறை கொண்ட ஒரு விடுதி வைத்திருக்கிறார். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் முகப்பில், மதிலில் ஒரு துண்டை இடித்து, அங்கே கோப்பிக் கடை போட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சித்திரை பிறந்தால் செப்டம்பர் வரைக்கும் அந்த ஒழுங்கையில் வெள்ளைக்காரர் நடமாட்டம் ஓயாது. மாரி தொடங்கினால் காகமும் வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரண்டு பொதிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று கொழும்பில் வாங்கியது: பெரு நாட்டுக் கோப்பி, ஐரோப்பாவில் வறுத்தது. கறுப்புச் சதுரத்துக்குள் பச்சையும் நீலமுமாக ஃபெயார்ட்ரேட் சின்னம் பளிச்சென்று இருந்தது. மற்றது மலைநாட்டில் வலப்பனைப் பக்கத்துக் கோப்பிச் சேகரிப்பாளர் ஒருவர் கண்டி பஸ்ஸில் போட்டு அனுப்பிய அரைக் கிலோ. பழுப்புக் கடதாசிப் பையில் வறுத்த திகதியைப் பேனையால் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

"தம்பி, நீ கணக்குப் பார்த்தவன். எதை வாங்கினா தோட்டக்காரனுக்குக் காசு கூடப் போகும்? வாறவங்கள் கேப்பாங்கள். நான் பொய் சொல்லக் கூடாது."

எனக்குக் கோப்பியைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. செத்த வீட்டில் இராமுழுக்க ஊற்றுகிற வெறுங்கோப்பியும், மாமி மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிக்கிற தூளும்தான் நான் அறிந்த கோப்பி. ஆனால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 22 வருடம் பேரேடு எழுதியவன் என்பதால் ஒரு விசயம் தெரியும்: சங்கத்துக்கு வந்த காசு வேறு, வள்ளக்காரனின் கைக்குப் போன காசு வேறு. அத்தானின் கேள்வியையும் அந்தப் பக்கமிருந்துதான் பார்த்தேன்.

முதலில் சின்னம் போட்ட பை. நியாய வணிகம் என்று தமிழில் சொல்கிறோம். அந்தச் சின்னம் உண்மையில் என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதை வடிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டே இரண்டு காசு வாக்குகள்தான். ஒன்று, ஆகக் குறைந்த விலை. கழுவிப் பதப்படுத்திய அரபிக்கா பச்சைக் கொட்டைக்கு ஒரு இறாத்தல் (ஏறக்குறைய 454 கிராம்) 1.80 டொலர், 2023 ஓகஸ்டில் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள், அதற்கு முன் 2011 முதல் 1.40 ஆக இருந்தது. உலகச் சந்தை விலை இதற்குக் கீழே போனாலும் வாங்குபவர் இதைக் கொடுக்க வேண்டும். மேலே போனால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, எந்த விலையானாலும் அதற்கு மேல் இறாத்தலுக்கு 20 சதம் ஊக்கத்தொகை. இதில் 5 சதமாவது விளைச்சலையும் தரத்தையும் கூட்டுகிற வேலைக்குப் போக வேண்டும். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்கா, வீதிக்கா, ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பதற்கா என்று சங்கத்தின் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும்.

சங்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஃபெயார்ட்ரேட் கோப்பியைத் தனி ஆள் விற்க முடியாது. சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து அமைத்த சங்கம்தான் சான்று பெறும், சங்கம்தான் விற்கும். அமெரிக்கக் கிளை 2011இல் பிரிந்து போனதற்கே இதுதான் முக்கிய காரணம்: பெருந்தோட்டங்களுக்கும் சான்று கொடுக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள், மற்றவர்கள் மாட்டோம் என்றார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பையில் யாரும் அச்சடிக்காதது. அந்த 1.80 டொலர் கப்பலில் ஏற்றும் இடத்து விலை. தோட்டத்து வாசலில் கொடுக்கும் விலை அல்ல. மலையிலிருந்து இறக்கும் லொறிக் கூலி, தோல் நீக்கும் ஆலை, தரம் பிரித்தல், சங்கத்து எழுதுவினைஞர் சம்பளம் (என்னைப் போல ஒருவர் அங்கேயும் இருப்பார்), சான்றுக்கு வருடா வருடம் கட்டும் கட்டணம், பழைய வங்கிக் கடன் எல்லாம் கழிந்த பிறகுதான் மிச்சம் தோட்டக்காரனுக்கு. சங்கம் ஒழுங்காக நடந்தால் மிச்சம் நல்லாயிருக்கும். நடக்காவிட்டால் சின்னம் என்ன செய்யும்?

அப்போ குறைந்த விலையால் என்ன லாபம் என்று அத்தான் கேட்டார். தம்பலகாமத்து நெல்லைச் சொன்னேன். நெல்லுக்கும் உத்தரவாத விலை இருக்கிறது. சந்தையில் விலை நல்லாயிருக்கிற போகத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. விலை விழுகிற போகத்தில்தான் அது சோறு போடும், அதுவும் களஞ்சியம் திறந்திருந்தால், ஈரப்பதம் சரியாக இருந்தால், அவர்கள் எடுக்கும் அளவுக்குள் உங்கள் மூடையும் அகப்பட்டால். கோப்பியின் கதையும் அச்சொட்டாக இதுதான்.

விலை விழுந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1989 வரை கோப்பி விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஓர் ஒப்பந்தம் வைத்து, நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு விலையைத் தாங்கிப் பிடித்தன. அது உடைந்தது, விலையும் உடைந்தது. அதற்கு முந்திய வருடம், 1988இல், மெக்சிக்கோவின் ஒஹாக்கா மலையிலிருந்த பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவு ஒன்றின் கோப்பியை நெதர்லாந்தில் தனிச் சின்னத்தோடு விற்கத் தொடங்கினார்கள். இன்றைய நியாய வணிகச் சான்றுகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. 2001இல் சந்தை விலை இறாத்தலுக்கு 50 சதத்துக்கும் கீழே போய்விட்டது. அப்போது சின்னம் போட்ட கோப்பிக்கு ஊக்கத்தொகையோடு 1.26 டொலர். இரண்டரை மடங்கு! அந்த ஆண்டுகளில் வட நிகரகுவாவில் 228 விவசாயிகளிடம் கேட்டறிந்த கிறிஸ்டோபர் பேக்கன் என்ற ஆய்வாளர், மாற்றுச் சந்தைகளுக்கு விற்ற கூட்டுறவுகளோடு இருந்தவர்களுக்குத் தோட்டம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் மற்றவர்களைவிட வெகு குறைவாக இருந்ததைக் கண்டார். காணி உறுதியை ஈடு வைத்துவிட்டு நித்திரை வராமல் கிடந்தவர்களை நான் சங்கத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் குறைவது சின்ன விசயம் இல்லை.

2019இல் மறுபடி விலை ஒரு டொலருக்குக் கீழே வந்தது, 1.40 தாங்கியது. ஆனால் 2011இல் சந்தை 3 டொலரைத் தொட்டது. 2025 பெப்ரவரியில் 4 டொலரையும் தாண்டியது. இப்படிப்பட்ட வருடங்களில் 1.80 என்ற அடிவிலை காகிதத்தில் மட்டும் இருக்கும். மிஞ்சுவது அந்த 20 சதம்.

அடிவிலை விலையைத் தாங்கும், விளைச்சலைத் தாங்காது. 1869இல் இந்த நாட்டில் முதலில் கண்ட கோப்பி இலைத்துரு நோய் இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பியைத் துடைத்தெடுத்துத் தேயிலையைக் கொண்டுவந்தது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக மலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் கோப்பிச் செடியைப் பிடுங்கிய இடத்தில் தேயிலை நட்டார்கள். அதே துரு 2012இல் மத்திய அமெரிக்காவில் பரவியது. இறாத்தலுக்கு என்ன விலை உத்தரவாதம் இருந்தாலும், இறாத்தலே இல்லை என்றால் எதைப் பெருக்குவது?

இப்போது அத்தானுக்கு நான் சொன்ன ஓட்டைக் கணக்கு. சான்று பெற்ற சங்கங்கள் விளைவிக்கிற கோப்பி முழுவதும் சின்னத்தோடு விற்பதில்லை. வாங்குபவர் இல்லை. உலகம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஃபெயார்ட்ரேட் விலையில் போகிறது. மிச்சம் அதே சாக்கில், அதே தரத்தில், சாதாரண விலைக்குப் போகும். ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,000 இறாத்தல் விளைகிறது என்று வையுங்கள். அதில் மூன்றில் ஒன்று, 333 இறாத்தல். இருபது சதப்படி 66 டொலர் சொச்சம். விலை உயர்ந்த வருடத்தில் சின்னத்தால் வந்த மேலதிகக் காசு அவ்வளவுதான், அதுவும் சங்கத்தின் கையில். இதிலிருந்துதான் சான்றுச் செலவும் போக வேண்டும்.

குவாத்தமாலாவின் கூட்டுறவுகளுடைய விற்பனைக் கணக்குகளைப் பல வருடங்களுக்கு எடுத்து ஆராய்ந்த அலைன் டி ஜான்வ்ரியும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொல்கிறது. சின்னத்தால் லாபம் இருக்கிறது என்று தெரிந்ததும் மேலும் மேலும் சங்கங்கள் சான்று எடுக்கின்றன. வாங்குபவர் தொகை அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஆளுக்கு ஆள் பங்கு சுருங்கி, கடைசியில் சான்றுக்குச் செலவழித்ததும் சான்றால் வந்ததும் கிட்டத்தட்டச் சமமாகி விடுகின்றன. முச்சக்கர வண்டிக்கு நல்ல ஓட்டம் என்று கேள்விப்பட்டு ஊரில் எல்லோரும் வாங்கின மாதிரி. கேட்டவுடன் எனக்குப் புரிந்தது, அத்தானுக்கும் புரிந்தது. அவரிடம் ஒன்று நிற்கிறது.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அநியாயம். கொஸ்தாரிக்காவில் 1999 முதல் 2014 வரை ஆலை வாரியாகக் கணக்கெடுத்த இன்னொரு ஆய்வு 2022இல் வந்தது. அங்கே சான்று பெற்றவர்களுக்கு விலை கூடக் கிடைத்தது, குறிப்பாகச் சந்தை விழுந்த வருடங்களில். தோட்டச் சொந்தக்காரர்களின் வருமானம் ஏறியது, இடைத்தரகர்களின் வருமானம் இறங்கியது. நமக்கு அது இனிக்கிற செய்திதான். ஆனால் பழம் பறிக்கிற கூலியாட்களுக்கு அதனால் ஒன்றும் ஏறவில்லை. எதியோப்பியாவிலும் உகண்டாவிலும் லண்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கசப்பு: சான்று பெற்ற சங்கங்கள் இருந்த இடங்களில் கூலி, சான்றில்லாத இடங்களைவிடக் குறைவாகவே இருந்ததாம். "சிறு விவசாயி" என்கிற படத்தில் அவனுடைய தோட்டத்தில் கூலிக்கு வருகிறவள் விழுவதே இல்லை. மலையகத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை விழுந்த வருடத்தில், நல்ல சங்கத்தில், விளைச்சலின் பெரும்பங்கு சின்னத்தோடு விற்றால் வருமானம் தெளிவாக உயர்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் லாபம் மெலிகிறது. அப்படி வாசித்தால் எல்லா ஆய்வும் ஒரே கதைதான்.

இனி என் பேரேட்டு அனுபவம். சங்கத்தில் மீனுக்கு நாங்கள் கொடுத்த விலை பல நாட்களில் முதலாளி கொடுத்த விலையைவிட நல்ல விலை. இருந்தும் ஆட்கள் முதலாளிக்கே கொடுத்தார்கள். ஏன்? இயந்திரம் பழுதாகும்போது இரவில் கதவைத் தட்டினால் அவர் காசு தருவார். சங்கம் மாத முடிவில், கூட்டம் கூடி, கையெழுத்து வாங்கித்தான் தரும். வலைக்கு முற்பணம் வாங்கினவன் மீனை வேறு யாருக்கும் காட்ட முடியாது. மத்திய அமெரிக்காவில் கோப்பித் தரகரை 'கொயோட்டே' என்பார்கள், நரிக்குச் சொந்தக்காரனான ஒரு மிருகத்தின் பெயர். அந்த நரியும் தோட்ட வாசலுக்கே வந்து கைமேல் காசு வைக்கிறது. சந்தை விலை ஏறும் வருடங்களில் உறுப்பினர்கள் பழத்தை அவரிடம் கொடுத்துவிடுவார்கள், சங்கம் கப்பலுக்கு ஒப்புக்கொண்ட சாக்கு நிரம்பாமல் திண்டாடும். ஃபெயார்ட்ரேட் விதிகளில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது: சங்கம் கேட்டால் வாங்குபவர் ஒப்பந்தத் தொகையில் 60 வீதம் வரை முற்பணம் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த 20 சதத்தைவிட இந்த விதிதான் பெரியது. கோப்பிப் பையில் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சரி, எங்கள் கடைக்கு வருவோம். நாளுக்கு 40 கோப்பை, சீசனில் 150 நாள் என்று அத்தான் நம்பிக்கையோடு ஒரு தொகை சொன்னார். எனக்கு அது கொஞ்சம் கூடவாகப் பட்டது, ஆனாலும் வைத்துக்கொண்டேன். 6,000 கோப்பை. கோப்பைக்கு 15 கிராம் தூள் என்றால் வறுத்த கோப்பி 90 கிலோ. வறுக்கும்போது எடை குறையும் என்பதால் பச்சைக் கொட்டை ஏறக்குறைய 108 கிலோ, அதாவது 238 இறாத்தல். அதற்கு 20 சத ஊக்கத்தொகை 48 டொலர்கூட வராது. டொலர் 300 ரூபாய் என்று உருட்டினால் 14,300 ரூபாய்.

ஒரு சீசன் முழுக்கச் சின்னம் போட்ட பை வாங்கினால், சின்னத்தின் பேரில் பெரு நாட்டுச் சங்கத்துக்கு நிச்சயமாகப் போகும் மேலதிகக் காசு 14,300 ரூபாய். கோப்பைக்கு இரண்டு ரூபாய் நாற்பது சதம். 2001 மாதிரி ஒரு வருடம் என்றால் இதே 238 இறாத்தலுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பைக்கு அத்தான் கொடுத்த விலை மலைநாட்டுக் கோப்பியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கூடக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி ஐரோப்பிய வறுவல்காரர், கப்பல், சுங்கம், கொழும்புக் கடை என்று வழியிலேயே இறங்கிவிடுகிறது. அவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தான், ஆனால் அத்தான் கேட்டது அவர்களைப் பற்றி இல்லை.

இந்தக் கணக்கை மறுபுறம் திருப்பினேன். அதுதான் பிரயோசனமாக இருந்தது. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். இறாத்தலுக்கு 20 சதம் என்பது கிலோ பச்சைக் கொட்டைக்கு 132 ரூபாய். ஆறால் பிரித்தால் பழம் கிலோவுக்கு 22 ரூபாய். ஆகவே மலைநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர், ஊர்க் கடைக்காரர் கொடுப்பதைவிடப் பழம் கிலோவுக்கு 22 ரூபாய் கூடக் கொடுக்கிறார் என்றால், விலை ஏறியிருக்கிற இந்தக் காலத்தில் அவர் சின்னம் இல்லாமலே சின்னத்தின் வேலையைச் செய்கிறார். அதற்கு மேலே கொடுத்தால் சின்னத்தை வென்றுவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி கைக்கு வந்துவிட்டது.

மலைநாட்டுக் கோப்பி பற்றி ஒரு சின்ன விளக்கம். பெருந்தோட்டமாக இல்லை, கண்டி, நுவரெலியா, மாத்தளை, பதுளைப் பக்கங்களில் வீட்டு வளவுகளில் மிளகு, கராம்பு, பாக்குக்கு இடையில் பத்து, ஐம்பது செடி. பழைய வழக்கம், செங்காய் பழம் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் உருவி, முற்றத்தில் காயப்போட்டு, தேவைப்படும்போது சந்திக் கடையில் நிறுத்து விற்பது. அவசரச் செலவுக்கு உண்டியல் மாதிரி. இப்போது நல்ல கோப்பி தேடும் சிறு நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும் சிவந்த பழம் மட்டும் கேட்கிறார்கள், பறித்த அன்றே பச்சையாக வாங்கிக்கொள்கிறார்கள். இலங்கையில் தேயிலை, வாசனைத் திரவியச் சிறு தோட்டக்காரர் சங்கங்களில் ஃபெயார்ட்ரேட் சான்று உள்ளவை இருக்கின்றன. அத்தானுக்கு வந்த பழுப்புப் பையில் அப்படி எதுவும் கிடையாது.

அத்தான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். சேகரிப்பாளர் பாதித் தமிழ், பாதிச் சிங்களம். கடைக்காரர் என்ன கொடுக்கிறார், நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள் என்று நான் மூன்று கேள்வி கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை, மறுநாள் கொள்வனவுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார், ஆட்களின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு. வித்தியாசம் 22 ரூபாயைவிடக் கூட. காசு அன்றைக்கே கையில். எனக்கு அந்தக் கடைசி விசயம்தான் பிடித்தது.

இருந்தாலும் உடனே தலையாட்டவில்லை. சிவந்த பழம் மட்டும் பறிப்பதென்றால் ஒரே செடிக்கு நாலைந்து தரம் போக வேண்டும். அந்த மினக்கேட்டுக்கும் சேர்த்துத்தான் கூடின விலை. முழுவதும் லாபம் என்று சொல்ல முடியாது. செடி ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ பழம் என்று வைத்தால் ஐம்பது செடிக்காரிக்கு வருடம் 125 கிலோ. 22 ரூபாய் கூடினால் 2,750 ரூபாய். நல்லதுதான், ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது என்று பலகையில் எழுதிப்போட முடியாது. இன்னொரு பலவீனம், இவருக்கு மேலே பார்க்க யாரும் இல்லை. சான்று என்றால் வெளியாள் ஒருவர் வந்து பேரேட்டைப் புரட்டுவார்; எங்கள் சங்கத்துக்குக் கணக்காய்வாளர் வருகிற கிழமை எல்லோரும் எவ்வளவு ஒழுங்காக இருந்தோம் என்பது எனக்குத்தான் தெரியும். இவர் நாளைக்கு விலையைக் குறைத்தால், அல்லது வேறு பெரிய ஆள் கிடைத்து எங்களை விட்டால், தடுக்க ஒன்றும் இல்லை. வாங்கும் விலைக்கு அடி என்று ஒன்று இந்த வழியில் கிடையவே கிடையாது.

மற்றத் தெரிவுகளை நாங்கள் அதிக நேரம் பார்க்கவில்லை. தவளைச் சின்னம் போட்ட ரெயின்ஃபொரெஸ்ட் அலையன்ஸ் கோப்பி காட்டுக்கும் வேலை முறைகளுக்கும் நல்லதாக இருக்கலாம், ஆனால் அதில் அடிவிலை என்ற ஒன்று இல்லை. அத்தானின் கேள்விக்கு அது பதில் இல்லை. இயற்கை முறைச் சான்று தனியாக விலை கூடக் கொடுக்கும், பதிலுக்குச் செயற்கை உரமில்லாமல் விளைச்சல் குறையும். நிகரகுவாவில் பத்து வருடத்தைத் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வில் அந்தச் சான்று பெற்றவர்கள் சான்றில்லாதவர்களைவிட ஏழைகளாகிப் போயிருந்தார்கள். சந்தியில் விற்கிற உடனடிக் கோப்பித்தூள் மலிவு, யாருக்கு என்ன போனது என்று கேட்க ஆளே இல்லை. காலையில் வேலைக்கு வருகிற மேசன்மாருக்கு அதுதான் ஊற்றுகிறோம்.

எங்களுக்குள் வாக்குவாதம் சின்னத்தைப் பற்றித்தான் வந்தது. ஒல்லாந்துக்காரரும் ஜேர்மன்காரரும் அந்தப் பச்சை நீலத்தைத் தூரத்திலேயே அடையாளம் காண்பார்கள், பழுப்புப் பையை யார் நம்புவார்கள் என்றார் அத்தான். வியாபாரக் கதை என்றால் அது நியாயம், ஆனால் நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்றேன். அக்கா உள்ளேயிருந்து, "அப்ப புத்தகத்திலை உள்ளதை எழுதி ஒட்டுங்கோவன்" என்றா. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். சேகரிப்பாளர் கொடுத்த பழ விலை, சந்திக் கடை விலை, வாங்கிய மாதம்: மூன்று வரி, சுவரில். உலகச் சந்தை விலை 1.80க்குக் கீழே விழுகிற வருடம் வந்தால் சின்னம் போட்ட பையையும் கொண்டுவருவது. அப்போதுதான் அதற்கு வேலை. இந்தச் சீசனுக்கு மலைநாட்டுச் சாக்கு.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பழம் பறிப்பு பெரும்பாலும் வருட முடிவை ஒட்டித்தான் என்றார் சேகரிப்பாளர். அடுத்த சீசனுக்கு நிச்சயமாக வேண்டுமென்றால் பாதிக் காசை முன்கூட்டி அனுப்பச் சொல்கிறார், அதை வைத்துத்தான் அவரும் அன்றன்றைக்குக் கைமேல் கொடுக்கிறார். எங்களுக்கோ அந்த மாதங்களில் வெள்ளைக்காரரும் இல்லை, காசும் இல்லை. செப்டம்பர் கடைசியில் கையில் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். மாரிக்கு முன்னம் விடுதிக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும் என்கிறார் அத்தான்.